எழுத்தாக வேடமிடும் படம்: ஐகான் எழுத்துருவும் தீமும் மோதும் இடங்கள்

ஆங்கிலத்தில் உள்ள ஒரு வலைச்செயலியை உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைக் கொண்டு தமிழிலோ கன்னடத்திலோ பார்க்க முயன்றவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கலாம். பூதக்கண்ணாடிப் படம் இருந்த இடத்தில் 'தேடு' என்ற சொல் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். வீட்டின் படம் இருந்த இடத்தில் 'வீடு' என்றே எழுதியிருக்கும். மூன்று கோடுகள் கொண்ட மெனுப் படம் ஒரு சொல்லாகி, பக்கத்துத் தலைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் ஒரே பராமரிப்புக் கட்டணச் செயலியைத் திறக்கும் பெங்களூரில் இத்தகைய காட்சிக்கு வாய்ப்பு அதிகம். மொழிபெயர்ப்புக் கருவி எழுத்தை மட்டுமே தொடும், படத்தைத் தொடாது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படியானால் படம் எப்படி மொழிபெயர்க்கப்பட்டது?

உலாவியின் கண்ணுக்கு அது படமாகத் தெரியவே இல்லை என்பதுதான் விடை. 'சர்ச்' என்ற ஆங்கிலச் சொல்லே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைப் பூதக்கண்ணாடியாகக் காட்டும் வேலையை, ஐகான்கள் எனப்படும் சிறு படங்களை எழுத்து வடிவங்களாகக் கொண்ட ஓர் ஐகான் எழுத்துரு செய்துகொண்டிருந்தது. சொல் தமிழுக்கு மாறியவுடன் அந்த எழுத்துருவுக்கு அது அடையாளம் தெரியவில்லை. இதே காரணத்திலிருந்துதான், செயலிக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க் என்னும் ஆயத்த நிரல்தொகுப்பைப் புதுப்பித்த மறுநாள் பொத்தான்களில் வெற்றுக் கட்டங்கள் தோன்றுவதும், தீம் என்னும் தோற்றத் தொகுப்பை மாற்றியவுடன் ஐகான்கள் இரண்டு பிக்சல் கீழே இறங்குவதும், பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பான் பொருளற்ற ஒன்றை உச்சரிப்பதும் நிகழ்கின்றன.

எழுத்துரு உண்மையில் என்ன செய்கிறது

கணினியில் எழுத்து என்பது முதலில் ஓர் எண். யூனிகோடில் 'அ' என்பதற்கு ஓர் எண் உண்டு, 'க' என்பதற்கு வேறோர் எண் உண்டு. இந்த எண்ணைக் குறியெண் என்று சொல்லலாம். எழுத்துருக் கோப்பு என்பது, ஒவ்வொரு குறியெண்ணுக்கும் எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்ற பட்டியலும் அந்த வடிவங்களின் கோட்டோவியங்களும் அடங்கியது. வடிவம் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுத்துரு எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. விண்டோஸுடன் வந்த விங்டிங்ஸ் எழுத்துருவில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் கைவிரலும் சிரித்த முகமும் வந்தது இதனால்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய தந்திரம் அன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'தமிழ்' என்று திரையில் தெரியும் என்பது நினைவிருக்கும். கோப்பில் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளே. தமிழ் என்பது பாமினி போர்த்திய தோற்றம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தோற்றம் கழன்று ஆங்கிலக் குப்பை தெரிந்தது, தேடினால் கிடைக்கவில்லை, அகரவரிசைப்படுத்தினால் குழம்பியது. ஐகான் எழுத்துருவின் நன்மைகளும் தீமைகளும் ஏறத்தாழ அனைத்தும் இந்தப் பழைய அனுபவத்தில் அடங்கிவிடுகின்றன.

இந்தக் குழப்பத்தை ஓரளவு தவிர்க்க, ஐகான் எழுத்துருக்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியைப் பயன்படுத்துகின்றன. ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கங்களாகும் பதினாறடிமான எண்ணில் இ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை உள்ள 6,400 குறியெண்களுக்கு யூனிகோட் நிறுவனம் எந்த எழுத்தையும் ஒதுக்காது. யாரும் தமக்குள் எந்தப் பொருளையும் வைத்துக்கொள்ளலாம். ஃபாண்ட் ஆசம் என்ற ஐகான் எழுத்துரு தன் வீட்டு ஐகானை எஃப்015இல் வைத்திருக்கிறது. கூகுளின் மெட்டீரியல் ஐகான்ஸ் எழுத்துரு கோப்புறையை இ2சி7இலும் பென்சிலை இ3சி9இலும் வைத்திருக்கிறது.

யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இருவர் ஒரே இடத்தில் வைத்துவிடவும் கூடும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, யூனிகோட் சரியாக இயங்காத மென்பொருள்களுக்கு மாற்றாக ஏற்ற டேஸ்16 குறியேற்றமும் இதே தனிப்பயன் பகுதியில், இ100க்கும் இ3எஃப்எஃப்க்கும் இடைப்பட்ட எல்லைக்குள் அமைந்ததே. ஆகவே அந்தக் குறியேற்றத்தில் உள்ள ஒரு பழைய ஆவணத்தை மெட்டீரியல் ஐகான்ஸ் எழுத்துருவால் காட்டச் சொன்னால், உயிர்மெய் எழுத்துகளுக்குப் பதிலாகக் கோப்புறைகளும் மேகங்களும் வர இடமுண்டு. நடைமுறையில் இது எளிதில் நேராது. ஆனால் தனிப்பயன் பகுதியில் உள்ள எண்ணுக்குத் தனக்கென்று எந்தப் பொருளும் இல்லை, பொருள் முழுவதும் எழுத்துருக் கோப்பிடமே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது.

இந்த வழி பிறந்த சூழல்

இத்தனை சிக்கல் உள்ள வழியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்று கேட்பது எளிது. அன்று இருந்த மாற்று இதைவிட மோசமாக இருந்தது. ஜேக்வெரி யுஐ என்ற இடைமுகத் தொகுப்பில் ஐகான்கள் அனைத்தும் 256க்கு 240 பிக்சல் அளவுள்ள ஒரே பிஎன்ஜி படத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொத்தானும் அந்தப் படத்தின் ஒரு சிறு சதுரத்தை ஜன்னல் வழியாகக் காட்டுவது போலக் காட்டியது. நிறத்தை மாற்ற வேண்டுமானால் முழுப் படத்தையும் வேறு நிறத்தில் மறுபடி உருவாக்கிக் கோப்பாக வைக்க வேண்டும். பூட்ஸ்டிராப் என்ற வலை ஃபிரேம்வொர்க்கின் இரண்டாம் பதிப்பு கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு படக்கோப்புகளை அனுப்பியது. வெள்ளைப் பொத்தானில் நீல ஐகான் வேண்டும் என்றால் வழியில்லை. 2010க்குப் பிறகு அடர்த்தி மிகுந்த திரைகள் வந்தபோது அந்தப் படங்கள் மங்கவும் தொடங்கின.

எஸ்விஜி என்ற கோட்டோவிய வடிவம் அப்போதே இருந்தது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை அதை அறியவில்லை. அதே உலாவி வலை எழுத்துருவை மட்டும் 1997ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பிலிருந்தே தனக்குரிய வடிவத்தில் ஏற்றுவந்தது. எல்லா உலாவிகளிலும் திறந்திருந்த ஒரே கோட்டோவிய வாசல் எழுத்துருதான் என்பதால் எல்லோரும் அதன் வழியாகவே நுழைந்தார்கள். 2012இல் பூட்ஸ்டிராப்புக்கென்று ஃபாண்ட் ஆசம் வெளிவந்தது; 2013இல் பூட்ஸ்டிராப்பின் மூன்றாம் பதிப்பே எழுத்துருவுக்கு மாறியது; 2014இல் கூகுளின் மெட்டீரியல் ஐகான்கள் வந்தன.

காட்சி மாறியதும் வேகமாகத்தான். 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பழைய உலாவிப் பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதமே, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஐகான் எழுத்துருவைக் கைவிட்டு எஸ்விஜிக்கு மாறியதாக அறிவித்தது. 2018இல் பூட்ஸ்டிராப் நான்காம் பதிப்பு உள்ளிணைந்த ஐகான் எழுத்துருவே இல்லாமல் வந்தது. இருந்தும், பொத்தான், அட்டவணை போன்ற ஆயத்த உறுப்புகளை (காம்பொனென்ட்களை) தரும், நிறுவனங்களின் உட்பயன்பாட்டுக்கான பெரிய காம்பொனென்ட் ஃபிரேம்வொர்க்குகளில் ஐகான் எழுத்துரு இன்றும் உயிரோடு இருக்கிறது. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் பத்தாண்டுப் பழைய செயலிகளைப் பராமரிக்கும் ஒருவர் அன்றாடம் சந்திப்பது இதைத்தான்.

ஐகானை அழைக்கும் வழிகள்

ஒரு பொத்தானில் வீட்டின் படம் வேண்டும் என்று ஃபிரேம்வொர்க்கிடம் சொல்வதற்கு நான்கு வழிகள் வழக்கில் உள்ளன. பிற்காலத்தில் எவ்வளவு துன்பம் வரும் என்பது பெரும்பாலும் இந்தத் தேர்விலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1. குறியெண்ணை நேரடியாக எழுதுவது. எக்ஸ்ட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கில் 'எக்ஸ்எஃப்015' என்று எழுதி, அதனுடன் எழுத்துருவின் பெயரையும் சேர்த்துத் தருவது இதற்கு உதாரணம். எழுத்துருவின் அடுத்த பதிப்பில் எண் மாறினாலோ, எழுத்துருவின் பெயர் மாறினாலோ, நிரல் முழுவதும் தேடித் திருத்த வேண்டியதுதான்.

2. பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் எழுதிய ஒரு வகுப்பின், அதாவது பெயரிட்ட விதித்தொகுப்பின், பெயரைத் தருவது. அந்த வகுப்பு, உறுப்பின் உள்ளடக்கத்துக்கு முன்னால் ஒரு போலி உறுப்பை உருவாக்கி அதில் குறியெண்ணை இடுகிறது. எண் நிரலிலிருந்து, தோற்ற விதிகள் அடங்கிய நடைத்தாளுக்கு நகர்ந்துவிடுவது முன்னேற்றமே. ஆனால் வகுப்பின் பெயர் இன்னும் குறிப்பிட்ட ஒரு தயாரிப்பின் பெயராகவே இருக்கிறது.

3. லிகேச்சர் என்னும் கூட்டெழுத்து வழி. சில எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றுக்குப் பதிலாக ஒரே வடிவத்தை வரையலாம் என்று எழுத்துருவில் விதி எழுத முடியும். தமிழில் 'க்' என்பதும் 'ஷ' என்பதும் சேர்ந்து 'க்ஷ' என்ற ஒரே வடிவமாவதும் எழுத்துருவுக்குள் இருக்கும் இத்தகைய விதிகளால்தான். மெட்டீரியல் ஐகான்ஸ் இதே வசதியைக் கொண்டு 'ஹோம்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளை வீட்டின் படமாக்குகிறது. நிரலில் படிக்க மிக அழகான வழி இது. மொழிபெயர்ப்பில் கவிழ்ந்ததும் இதுவே.

4. பொருள்சார்ந்த பெயரைப் பதிவேட்டின் வழியாக அழைப்பது. எஸ்ஏபி நிறுவனத்தின் யுஐ5 ஃபிரேம்வொர்க்கில் ஐகானை ஒரு முகவரி போல எழுதுகிறார்கள். அந்த முகவரிக்கு எந்த எழுத்துருவில் எந்த எண் என்பதைப் பதிவேடு பார்த்துக்கொள்கிறது. ஆங்குலர் மெட்டீரியல் என்ற காம்பொனென்ட் தொகுப்பிலும் ஐகான் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பதிந்த பெயருக்குப் பின்னால் எஸ்விஜி கோப்பை வைக்கலாம்.

நான்காவது வழிதான் சரியானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. எழுத்துருவா எஸ்விஜியா என்ற வாதத்தைவிட, நிரல் எழுதுபவரின் கையில் இருப்பது பெயரா எண்ணா என்ற கேள்வியே முக்கியமானது. பெயர் கையில் இருந்தால் அதன் பின்னால் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

தீம் என்பது எந்த அடுக்கு

காம்பொனென்ட் ஃபிரேம்வொர்க்கில் பொத்தான், அட்டவணை, உரையாடல் பெட்டி ஆகியவற்றின் நடத்தை ஒரு பக்கமும் தோற்றம் மறுபக்கமும் பிரிக்கப்பட்டிருக்கும். தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிறம், இடைவெளி, மூலை வளைவு, எழுத்துரு, எழுத்தின் அளவு, தடிமன் ஆகியவற்றின் தொகுப்பே தீம்.

தீம் இரண்டு காலங்களில் கட்டப்படலாம். பழைய முறையில், சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் அல்லது லெஸ் மொழியில் மாறிகளுக்கு மதிப்புத் தந்து, மென்பொருளைத் தொகுக்கும்போதே முழு நடைத்தாளும் உருவாக்கப்படும். நீலத் தீமுக்கு ஒரு கோப்பு, இருண்ட தீமுக்கு இன்னொரு கோப்பு. புதிய முறையில், சிஎஸ்எஸ் மாறிகள் உலாவியிலேயே உயிரோடு இருக்கும். ஒரு மாறியின் மதிப்பை மாற்றினால் அந்தக் கணமே பக்கம் முழுவதும் மாறும். குரோம் உலாவி 2016இல் சிஎஸ்எஸ் மாறிகளை ஏற்ற பிறகுதான் இரண்டாம் முறை பரவியது.

மேலே சொன்ன பட்டியலில் எழுத்துரு, அளவு, தடிமன் என்று எழுத்தைத் தொடும் பண்புகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். தீம் என்பது பெருமளவுக்கு எழுத்துகளை ஆளும் அடுக்கு. ஐகான் எழுத்தாக வேடமிட்டு வந்திருக்கிறது. எனவே தீமின் ஒவ்வொரு ஆணையும் ஐகானின் மீதும் பாய்கிறது. நிறமும் அளவும் தானாகப் பொருந்திப்போவது இதனால் கிடைக்கும் வரம். மற்றவை எல்லாம் அதே வரத்தின் விலை.

மோதல்கள்

1. எழுத்துருக் குடும்பம். தமிழ்ப் பக்கங்களை உருவாக்குபவர்கள், எங்கும் தங்கள் தமிழ் எழுத்துருவே தெரிய வேண்டும் என்ற ஆசையில், எல்லா உறுப்புகளுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை விதித்து, அதை எதுவும் மீறக் கூடாது என்ற முத்திரையையும் குத்திவிடுவதுண்டு. அந்த ஒற்றை வரி ஐகான்களின் எழுத்துருவையும் பறித்துவிடுகிறது. தமிழ் எழுத்துருவில் எஃப்015 என்ற எண்ணுக்கு வடிவம் இல்லாததால் வெற்றுக் கட்டம் வருகிறது. எழுத்தறியும் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கு வாசிக்க வசதியான எழுத்துருவை உலாவியில் கட்டாயப்படுத்தும்போதும் இதுவே நிகழ்கிறது. அங்கே குற்றம் பயனரிடம் இல்லை என்பதால் தீர்வும் அவரிடம் இல்லை.

2. தடிமன். ஃபாண்ட் ஆசம் 2017 டிசம்பரில் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில், நிரப்பிய ஐகான்கள் 900 தடிமனுக்கும் கோட்டு ஐகான்கள் 400 தடிமனுக்கும் பிரிக்கப்பட்டன. இலவசத் தொகுப்பில் 400 தடிமனில் இருப்பவை சில ஐகான்களே. தீம் ஏதோ ஓரிடத்தில் பொத்தான் எழுத்தின் தடிமனை 400 என்று விதித்திருந்தால், உலாவி மெல்லிய கோப்பில் ஐகானைத் தேடும், அங்கே கிடைக்காது, கட்டத்தைக் காட்டும். கோப்பு ஒழுங்காக இறங்கியிருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறது, எண்ணும் சரி. நான்காம் பதிப்பிலிருந்து ஐந்துக்கு மாறியவர்களை மணிக்கணக்கில் அலைக்கழித்தது இந்தச் சிறு எண்தான்.

3. எழுத்திடைவெளியும் எழுத்து வடிவ மாற்றமும். பொத்தான் எழுத்துகளைச் சற்று விலக்கி எழுதுவது பல தீம்களின் பாணி. எழுத்திடைவெளி பூஜ்யமாக இல்லாதபோது உலாவிகள் விருப்பக் கூட்டெழுத்துகளை, அதாவது கட்டாயமில்லாதவற்றை, நிறுத்திவிடுகின்றன. விலகி நிற்கும் எழுத்துகள் ஒன்று சேரக் கூடாது என்பது அச்சுக்கலையின் நியாயமான விதி. கூட்டெழுத்து வழி ஐகான் அந்த நியாயத்துக்குப் பலியாகி, ஆங்கிலச் சொல்லாகவே வெளிப்படும். சிறிய எழுத்துகளைப் பெரிய எழுத்துகளாக்கும் ஆணையும் அப்படித்தான்: பெரிய எழுத்துகளில் வந்த சொல்லை எழுத்துரு அறியாது. கூகுள் தரும் நடைத்தாளில் இவ்விரண்டையும் இயல்புநிலைக்குத் திருப்பும் வரிகள் இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்த வரிகள் தேவையற்றவை போலத் தோன்றும், நீக்கக் கூடாது.

4. கோப்பு வந்துசேரும் வழி. வேறு தளத்தில் உள்ள படத்தை எந்தப் பக்கமும் தடையின்றிக் காட்டலாம். வேறு தளத்தில் உள்ள எழுத்துருவுக்கு அந்தத் தளத்தின் வழங்கி (சேவையகம்) வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். உருவாக்குபவரின் கணினியில் சரியாகத் தெரிந்த ஐகான்கள், கோப்புகளைத் தனி வழங்கிக்கு மாற்றிய அன்று கட்டங்களானால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அனுமதியை. அடுத்துப் பார்க்க வேண்டியது பாதையை: நடைத்தாளில் எழுதிய எழுத்துருப் பாதை அந்த நடைத்தாள் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், தீம் கோப்புகளை ஒன்றாகத் தொகுத்து வேறு அடைவில் வைக்கும்போது பாதை அறுந்துவிடும்.

5. காத்திருக்கும் நேரம். பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வரும் ஒருவரின் ரயில் கப்பன் பார்க் அருகே சுரங்கத்துக்குள் இறங்கி, அலைபேசிச் சமிக்ஞை மெலிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துரு இன்னும் வரவில்லை. உலாவி வழக்கமாக 3 விநாடி வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் காத்திருக்கும். அதன் பிறகு கையில் உள்ள வேறு எழுத்துருவால் காட்டும். கட்டுரை எழுத்துக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், உடனே காட்டு என்று ஆணையிடுவது நல்லது. வேகப் பரிசோதனைக் கருவிகளும் அதையே பரிந்துரைக்கின்றன. அந்தப் பரிந்துரையை ஐகான் எழுத்துருவுக்கும் சேர்த்துப் பொருத்திவிடுவதுதான் பிழை. ஐகானுக்கு மாற்று எழுத்துரு என்று ஒன்று இல்லை. உடனே காட்டினால் தெரிவது கட்டமோ ஆங்கிலச் சொல்லோதான். ஐகானுக்குக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

பலரும் பயன்படுத்தும் பொதுச் சேவையகத்திலிருந்து எழுத்துருவை எடுத்தால் அது பயனரின் உலாவியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும் என்ற வாதம் இன்று செல்லாது. ஒரு தளத்துக்காகச் சேமித்ததை இன்னொரு தளத்துக்குத் தராத முறைக்கு குரோம் 2020 அக்டோபரில் மாறிவிட்டது. ஆகவே தன் வழங்கியிலேயே வைத்துக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை.

6. வரியில் நிற்கும் உயரம். மெய்யோடு சேர்ந்து அடியில் எழுதப்படும் கன்னட ஒத்தெழுத்துகள் வரிக்குக் கீழே இறங்குபவை; தமிழின் 'ஞ', 'ழ', 'ரூ' போன்றவையும் தத்தம் அளவுக்கு இறங்குபவை; ஆங்கிலம் பெரும்பாலும் அடிக்கோட்டிலேயே நிற்பது. ஒவ்வொரு மொழியின் எழுத்துருவும் தனக்கெனத் தனி மேலளவும் கீழளவும் கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்து ஐகானை வரியில் நிறுத்திவிட்டு, மொழிப் பொத்தானை அழுத்திக் கன்னடத்துக்கு மாற்றினால், வரியின் உயரம் மாறி ஐகான் நடுவிலிருந்து நழுவுகிறது. எழுத்தோடு எழுத்தாக அடிக்கோட்டில் நிறுத்துவதைவிட, ஐகானையும் சொல்லையும் இரண்டு தனிப் பெட்டிகளாகக் கருதி, பெட்டிகளை நடுக்கோட்டில் இணைப்பதே மும்மொழி இடைமுகத்துக்குத் தாங்கும்.

7. இருண்ட தீம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு இயல்பாகவே தடித்துத் தெரியும். 2022இல் வந்த மெட்டீரியல் சிம்பல்ஸ் எழுத்துரு இதற்கென்றே 'கிரேடு' என்ற ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. இருண்ட பின்னணியில் அதை −25க்குக் குறைத்தால் ஐகானின் அளவு மாறாமல் கோடு மட்டும் மெலியும். எழுத்துரு வழியில் எஸ்விஜியால் எளிதில் தர முடியாத உண்மையான வசதி இது ஒன்று.

நிழல் டாம் வந்த பிறகு

இன்றைய காம்பொனென்ட்கள் பலவும் தம் உள்ளமைப்பை நிழல் டாம் என்ற மறைப்புக்குள் வைத்துக்கொள்கின்றன. எந்த உறுப்புக்கு எந்த விதி என்று சொல்லும் தெரிவிகள், வெளியே உள்ள நடைத்தாளில் இருந்தால் அந்தச் சுவரைத் தாண்டா. எனவே பக்கத்தின் தலையில் ஃபாண்ட் ஆசமின் நடைத்தாளைச் சேர்த்துவிட்டு, காம்பொனென்டின் உள்ளே அதன் வகுப்பை எழுதினால் எதுவும் தெரியாது. அந்த நடைத்தாளைக் காம்பொனென்டுக்குள்ளேயே சேர்த்தால் வகுப்பு வேலை செய்யும். ஆனால் எழுத்துருக் கோப்பை அறிவிக்கும் விதி நிழலுக்குள் எழுதப்பட்டால் உலாவிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் கட்டமே மிஞ்சும். அறிவிப்பு முதன்மைப் பக்கத்திலும் வகுப்பு விதிகள் நிழலுக்குள்ளும் என்று இரண்டையும் பிரித்து வைத்தால்தான் ஐகான் வரும். இதை அறியாமல் ஒன்றையே இரண்டு இடத்திலும் மாறி மாறி ஒட்டிப் பார்ப்பவர்களுக்கு, ஏன் சில நேரம் வேலை செய்கிறது என்பதுகூடப் புரியாது.

சுவரைத் தாண்டுபவை இரண்டு: நிறம், எழுத்துருக் குடும்பம் போல மரபுரிமையாக இறங்கும் பண்புகளும், சிஎஸ்எஸ் மாறிகளும். தீமின் மதிப்புகளை மாறிகளில் வைக்கும் வழக்கம் இவ்வளவு உறுதிப்பட்டதற்கு இதுவும் காரணம்.

தமிழ்ச் சொல் நீளமும் தனித்து நிற்கும் ஐகானும்

தமிழ் இடைமுகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கமாக முடியும் கட்டளை தமிழில் 'பதிவிறக்கம் செய்' என்றும் 'கடவுச்சொல்லை மாற்று' என்றும் நீள்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் அது அடங்குவதில்லை. வடிவமைப்பாளர் எடுக்கும் எளிய முடிவு, சொல்லை நீக்கி ஐகானை மட்டும் விடுவது. பெங்களூரின் அல்சூர் பக்கம் ஒரு தமிழ் நூலகத்துக்கான பட்டியல் பக்கத்தைத் தன்னார்வலர்கள் உருவாக்குகிறார்கள் என்றால், புத்தகத்தைப் புதுப்பிக்கும் பொத்தான் வட்ட அம்பாகவும், திருப்பித் தரும் பொத்தான் வளைந்த அம்பாகவும் சுருங்கிவிடும். எது எது என்று வயதான வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது வேறு கேள்வி.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. சொல் போய்விட்டால் திரைவாசிப்பானுக்கு மிஞ்சுவது தனிப்பயன் பகுதியின் ஒரு பொருளற்ற எண் மட்டுமே. சில திரைவாசிப்பான்கள் மௌனம் காக்கும், சில அடையாளம் தெரியாத எழுத்து என்று சொல்லும். கூட்டெழுத்து வழியானால், தமிழ்ப் பக்கத்தின் நடுவில் அடிக்கோட்டுக் குறியால் இணைத்த ஆங்கிலச் சொற்றொடர் ஒன்று திடீரென்று ஒலிக்கும். செய்ய வேண்டியவை இரண்டு. ஐகான் உறுப்பை 'ஏரியா-ஹிட்டன்' பண்பால் திரைவாசிப்பானிடமிருந்து மறைக்க வேண்டும். பொத்தானுக்கு 'ஏரியா-லேபிள்' பண்பில் தமிழ்ப் பெயரைத் தர வேண்டும். அந்தப் பெயர் நிரலில் நேரடியாக எழுதப்படாமல் மற்ற சொற்களோடு மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கன்னடத்துக்கு மாறியவருக்கும் தமிழே ஒலிக்கும். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யுசிஏஜியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, ஐகானின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3க்கு 1 என்ற ஒளிமாறுபாட்டையும் கேட்கிறது. வெளிர்சாம்பல் நிறத்தில் ஐகான்களைக் காட்டும் நாகரிகத் தீம்கள் பல இதில் தேறுவதில்லை.

மாறுவதா, இருப்பதா

புதிதாகத் தொடங்கும் பணிக்கு எஸ்விஜியைத் தேர்ந்தெடுப்பதில் தயக்கம் தேவையில்லை. அது படமாகவே வருகிறது. மொழிபெயர்ப்போ தடிமனோ எழுத்திடைவெளியோ அதைத் தொடுவதில்லை. அதன் நிரப்பு நிறத்தை 'கரண்ட்கலர்' என்று விட்டுவைத்தால் தீமின் எழுத்து நிறத்தையும் பெற்றுக்கொள்கிறது. எழுத்துருவைக் காதலிக்க வைத்த வசதி இதிலும் கிடைத்துவிடுகிறது என்று பொருள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியை இதற்காகப் பிரித்துப்போடுவது மட்டும் புத்திசாலித்தனம் ஆகாது. ஐந்நூறு வரிகள் கொண்ட அட்டவணையில் வரிக்கு நான்கு ஐகான் என்றால், எஸ்விஜி வழியில் இரண்டாயிரம் கோட்டோவியங்கள் பக்கத்தில் சேர்கின்றன. எழுத்துருவில் அவை இரண்டாயிரம் எழுத்துகள் மட்டுமே. எழுத்துகளை வரைவதில் உலாவிகள் பல ஆண்டுகளாகத் தேர்ந்தவை. இத்தகைய அட்டவணைகளே முதன்மையான வேலையாக இருக்கும் கணக்கு, கிடங்குச் செயலிகளில் எழுத்துரு இன்னும் சில காலம் இருந்துவிட்டுப் போகலாம்.

அப்படி இருக்க விடும்போது செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை, பெயரடுக்கை இடையில் நுழைப்பது. செயலியில் பயன்படும் ஐகான்களைக் கணக்கெடுத்தால் எழுத்துருவில் உள்ள ஆயிரக்கணக்கானவற்றில் நாற்பதோ ஐம்பதோதான் தேறும். அவை ஒவ்வொன்றுக்கும் 'சேமி', 'நீக்கு', 'புதுப்பி' என்று செயலைச் சொல்லும் ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரை ஏற்கும் ஒரே ஒரு ஐகான் காம்பொனென்டை எழுதி, நிரலில் சிதறிக் கிடக்கும் வகுப்புகளையும் எண்களையும் அதன் வழியாகத் திருப்பிவிட வேண்டும். படத்தின் உருவத்தைப் பெயராக வைக்கக் கூடாது. 'நெகிழ்வட்டு' என்று பெயர் வைத்தவர்கள், சேமிப்பதற்கு வேறு படம் வந்த நாளில், பொய்யான பெயரோடு வாழ வேண்டியிருக்கும். யுஐ5இன் வலைக் காம்பொனென்ட்களில் ஒரே ஐகான் பெயருக்கு இரண்டு தலைமுறை ஓவியங்கள் இருக்கின்றன. எஸ்ஏபியின் ஹொரைசன் என்ற தீம் இருந்தால் ஒன்றும் பழைய தீம்கள் இருந்தால் மற்றொன்றும் தானாக வருகின்றன. தீம் மாறும்போது ஐகானின் ஓவியமும் மாறலாம், பெயர் மாறாது என்ற இந்த ஏற்பாட்டைச் சிறிய அணிகளும் ஒரு பட்டியல் கோப்பைக் கொண்டு செய்துகொள்ள முடியும்.

இதற்குள் செய்து முடிக்கக்கூடிய உடனடி வேலை ஒன்றும் உண்டு. கூட்டெழுத்து வழியில் ஐகான் காட்டும் உறுப்புகளில், இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லும் 'டிரான்ஸ்லேட்' பண்பை 'நோ' என்று இட்டால், உலாவியின் மொழிபெயர்ப்பு அவற்றைத் தாண்டிச் செல்லும். பொத்தானில் இருக்கும் உண்மையான சொல்லை அந்த உறுப்புக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இல்லையெனில் பூதக்கண்ணாடி பத்திரமாக இருக்கும், அதன் பக்கத்தில் உள்ள சொல் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும்.